ஹெ ஷோ வூ குப்பியை இன்றே மூடி வையுங்கள்

கேள்வி: அக்கா, எனக்கு 33 வயது. சிங்கப்பூரில் இருக்கிறேன். இரண்டாவது குழந்தைக்கு ஆறு மாதம், தாய்ப்பால் கொடுக்கிறேன். மூன்று மாதமாக முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது, முன்நெற்றியில் நரையும் தெரிகிறது. என்னோடு வேலை செய்யும் சீனத் தோழியின் அம்மா, 'ஹோ சாவ் வூ' என்று ஒரு வேரைத் துண்டு துண்டாக ஒரு பை நிறையக் கொடுத்தார். சீனாவிலிருந்து உறவினர் கொண்டுவந்ததாம். வெளிறிய செம்பழுப்பு நிறம், தொட்டால் மாவு மாதிரி ஒட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு கைப்பிடி போட்டுக் கோழி சூப் வைத்துக் குடிக்கிறேன். அதே வேரின் கேப்சூலும் இணையத்தில் வாங்கி, காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்று மூன்று வாரமாகச் சாப்பிடுகிறேன். குப்பியில் '500 மில்லிகிராம், 10:1 சாறு' என்று போட்டிருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை தவிர வேறு மருந்து இல்லை. நான்கைந்து நாளாக ஒரே அசதி, சோறு இறங்கவில்லை. குழந்தை இரவில் தூங்க விடாததால் இருக்கும் என்று நினைக்கிறேன். தஞ்சாவூரில் இருக்கும் என் அம்மாவும் (61) தனக்கு ஒரு குப்பி அனுப்பச் சொல்கிறார். அவருக்குக் கல்லீரலில் கொழுப்பு உண்டு, கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறார். வேர்தானே, நம் கரிசலாங்கண்ணி மாதிரிதானே? தொடரலாமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் இதைச் செய்யுங்கள், மற்றதை அப்புறம் படிக்கலாம். கேப்சூலையும் சூப்பையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். (உங்கள் 'ஹோ சாவ் வூ'வைத்தான் நான் ஹெ ஷோ வூ என்கிறேன்.) கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டியதில்லை, ஒரேயடியாக நிறுத்தலாம். நாளைக் காலையில் பாலிகிளினிக்குக்கோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ போய், "மூன்று வாரமாக ஹெ ஷோ வூ சாப்பிட்டேன், நான்கைந்து நாளாக அசதியும் பசியின்மையும் இருக்கிறது, கல்லீரலுக்கான இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்" என்று இதே சொற்களில் சொல்லுங்கள். குப்பியையும் மிச்சமிருக்கும் வேர்த் துண்டுகளையும் கையோடு கொண்டுபோங்கள். பயத்தில் குப்பையில் போட்டுவிடாதீர்கள். நீங்கள் சாப்பிட்டது என்ன என்று மருத்துவர் தெரிந்துகொள்ள அவை தேவை.

அசதிக்குக் குழந்தையும் காரணமாக இருக்கலாம்தான். ஆறு மாதக் குழந்தை வைத்திருக்கும் எந்தத் தாய்க்கு அசதி இல்லை? ஆனால் தூக்கம் கெட்டவர்களுக்குப் பொதுவாகப் பசி போய்விடுவதில்லை. இந்த வேரைத் தொடங்கி மூன்றாவது வாரத்தில் சோறு இறங்காமல் போனால், அதைத் தூக்கத்தின் கணக்கில் எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தால் நல்லது, ஒரு ஊசி குத்தியதோடு போயிற்று.

அதற்கிடையில் சிறுநீர் கடும் தேயிலைச் சாயம் போல வந்தாலோ, கண்ணின் வெள்ளைப் பகுதி மஞ்சளானாலோ, உடம்பெல்லாம் அரித்தாலோ, மலம் வெளிறிப் போனாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். உங்கள் பேச்சு குழறுகிறது, நடத்தை மாறியிருக்கிறது என்று வீட்டில் யாராவது சொன்னாலும் அப்படியே. உடம்பு வலிக்கிறதே என்று பனடால் (பாராசிட்டமால்) போட்டுக்கொள்ளாதீர்கள். முடிவு வரும்வரை கல்லீரலுக்குக் கூடுதல் வேலை கொடுக்க வேண்டாம்.

சரி, இப்போது அந்தக் குப்பியைப் பற்றி.

'10:1' என்ற சிறிய எழுத்தை நீங்கள் கடிதத்தில் எழுதியது நல்லதாயிற்று. பத்து கிராம் வேரைச் சாறெடுத்து ஒரு கிராமாகச் சுண்டவைத்தது என்று அதற்குப் பொருள். ஆக, 500 மில்லிகிராம் கேப்சூல் ஒன்றில் இருப்பது 5 கிராம் வேரின் சாறு. நாளைக்கு நான்கு என்றால் 20 கிராம் வேர். ஞாயிற்றுக்கிழமை சூப்பில் போட்ட கைப்பிடி தனி.

சீன அரசின் மருந்து நூல் இந்த வேருக்கு ஒரு நாள் அளவு வைத்திருக்கிறது. பச்சை வேர் என்றால் 3 முதல் 6 கிராம், பக்குவப்படுத்திய வேர் என்றால் 6 முதல் 12 கிராம். அதுவும் மருத்துவர் நாடி பார்த்து, மற்ற மூலிகைகளோடு சேர்த்து எழுதிக் கொடுப்பதற்கான அளவு. கடையில் சத்துப் பொருளாக விற்பதற்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. 2014-இல் சீனாவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, அப்படிப்பட்ட பொருள்களில் பச்சை வேர் நாளொன்றுக்கு 1.5 கிராமுக்கும் பக்குவப்படுத்திய வேர் 3 கிராமுக்கும் மேல் போகக் கூடாது என்று உத்தரவு போட்டது. கல்லீரல் சரியில்லாதவர்களும், குடும்பத்தில் கல்லீரல் நோய் உள்ளவர்களும் சாப்பிடக் கூடாது என்று அட்டையிலேயே அச்சிடச் சொன்னது. நீங்கள் சாப்பிட்டது 20 கிராம். உங்கள் அம்மாவுக்குக் கல்லீரலில் கொழுப்பு. இந்த வேர் பிறந்த நாட்டின் அரசே உங்கள் இருவரையும் 'வேண்டாம்' பட்டியலில்தான் வைத்திருக்கும்.

இந்த எண்களைச் சொல்வது உங்களைக் குற்றவாளியாக்க அல்ல. '10:1' என்பதைப் படித்துக் கணக்குப் போட வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. அந்தக் குப்பியை விற்றவர் சொல்லியிருக்க வேண்டும்.

இந்த வேருக்கு ஏன் இவ்வளவு மவுசு என்று கேட்டால், அதன் பெயரிலேயே பதில் இருக்கிறது. 'ஹெ' என்பது ஒரு குடும்பப் பெயர். 'ஷோ' என்றால் தலை, 'வூ' என்றால் காக்கைக் கறுப்பு. கறுந்தலை ஹெ. (உங்கள் தோழியின் அம்மா சொன்ன 'ஹோ சாவ் வூ' இதே சொற்களின் கன்டனீஸ் உச்சரிப்பு.) தாங் அரச காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், லி ஆவ் என்ற அறிஞர் இந்தக் கதையை எழுதி வைத்தார். பிள்ளையில்லாத, உடம்பில் வலுவில்லாத 58 வயது மனிதர் ஒருவர், ஒரு நாள் குடித்துவிட்டு மலையில் படுத்துக் கிடந்தாராம். தனித்தனியாக நின்ற இரண்டு கொடிகள் இரவில் ஒன்றையொன்று தழுவி, பிரிந்து, மறுபடி தழுவுவதைப் பார்த்தாராம். வேரைத் தோண்டி எடுத்துப் பொடியாக்கிச் சாப்பிட்டு வர, உடம்பு தேறிப் பிள்ளைகளும் பிறந்தார்கள். அவருடைய பேரன்தான் ஹெ ஷோ வூ. 130 வயது வரை தலை கறுப்பாகவே இருந்தாராம். அந்தக் கொடியின் தண்டுக்கு இன்றும் சீன மருந்துக் கடையில் 'இரவில் தழுவும் கொடி' என்றுதான் பெயர், தூக்கம் வராதவர்களுக்குக் கொடுப்பார்கள். மிங் பேரரசர் ஜியாஜிங்கின் காலத்தில், இந்த வேரைத் தலைமைச் சரக்காக வைத்துச் செய்த 'ஏழு இரத்தின அழகுத் தாடி' உருண்டையைச் சாப்பிட்டு அரசருக்கு வாரிசுகள் பிறந்ததாக இன்னொரு கதை எழுதப்பட்டது. அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா?

எனக்கு இந்தக் கதைகள் பிடிக்கும். நம் ஊரில் காயகற்பம் பற்றிச் சொல்லாத கதையா? ஆனால் கதையில் இருப்பது ஒரு குடும்பம், குப்பியை வாங்குவது ஊர் உலகம். நரைத்த முடி இந்த வேரால் கறுக்கும் என்று மனிதர்களிடம் ஒழுங்காக நடத்திய ஆய்வு எதுவும் நிலைநாட்டவில்லை. எலிகளிலும் சோதனைக் குழாயிலும் நிறமிச் செல்களில் சில மாற்றங்களைப் பார்த்திருக்கிறார்கள். அதற்கும் உங்கள் முன்நெற்றிக்கும் நடுவே நெடுந்தூரம் இருக்கிறது.

செடியைப் பற்றிக் கொஞ்சம். இது இதய வடிவ இலையும் சின்னச் சின்ன வெள்ளைப் பூவும் கொண்ட ஒரு படர்கொடி. தென்சீனத்தில் குவாங்டோங் மாநிலத்தின் தெச்சிங் வட்டாரத்து வேருக்குத் தனிப் பேர். தாவரவியலில் பாலிகோனம் மல்டிஃப்ளோரம் என்பது பழைய பெயர், ரெய்னூட்ரியா மல்டிஃப்ளோரா என்பது புதியது. அமெரிக்கக் குப்பிகளில் 'ஃபோ-டி' என்று இருக்கும், அது வியாபாரிகள் வைத்த பெயர். எந்தப் பெயரில் வந்தாலும் இதே வேர்தான் என்பதற்காகச் சொல்கிறேன். நாளைக்கு 'ஃபோ-டி' என்று எழுதிய வேறொரு அழகான குப்பி உங்கள் கண்ணில் படும், அது வேறு மருந்து என்று நினைத்துவிடக் கூடாது. கிழங்கு வேரைக் குறுக்கே வெட்டினால் மேகக் கூட்டம் போல வளைய வளையமாகக் கோலம் தெரியும், அதை வைத்துத்தான் சரக்குத் தெரிந்தவர்கள் அசல் வேரை அடையாளம் காண்பார்கள். மனித உருவத்தில், கை கால் முகத்தோடு இருக்கும் வேர் கிடைத்தது என்று படம் வந்தால் நம்ப வேண்டாம். வேறு கிழங்குகளை அச்சுக்குள் வளர்த்து அந்த உருவம் வரவைத்து விற்று ஏமாற்றுவது சீனாவில் பழைய தொழில்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். உங்கள் கடிதத்தில் 'வெளிறிய செம்பழுப்பு, மாவு மாதிரி' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும்தான் எனக்குத் திக்கென்றது. அது பக்குவப்படுத்தாத பச்சை வேர். பக்குவப்படுத்திய வேர் அப்படி இருக்காது, உள்ளும் புறமும் கரும்பழுப்பாக, கல்போல் இறுகி, உடைத்த இடத்தில் மின்னும்.

சீன மருத்துவத்தில் இந்த இரண்டும் ஒரே மருந்தல்ல, இரண்டு மருந்து. பச்சை வேர் மலமிளக்கி. அதிலுள்ள எமோடின் முதலான ஆந்த்ரகுவினோன் பொருள்கள், நம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து உலகமெல்லாம் ஏற்றுமதியாகும் நிலாவாரை இலையில் இருக்கும் பொருள்களின் உறவுக்காரர்கள். தலைமுடிக்கும் உடல் வலுவுக்கும் என்று அந்த மருத்துவம் சொல்வது பக்குவப்படுத்திய வேரை மட்டும்தான். அதைச் செய்யும் முறை எளிதல்ல. நூறு கிலோ வேர்த் துண்டுக்குப் பத்துக் கிலோ கறுப்பு சோயா மொச்சையைக் காய்ச்சிச் சாறெடுத்து, வேரை அதில் ஊறவைத்து, உள்ளும் புறமும் நிறம் மாறும்வரை அவிக்க வேண்டும். பழைய முறையில் ஒன்பது முறை அவித்து ஒன்பது முறை வெயிலில் காயவைப்பார்கள். இரும்புக் கத்தி படக் கூடாது, மூங்கில் கத்தியால்தான் சீவ வேண்டும் என்றெல்லாம் கட்டுப்பாடு வைத்தார்கள். அவ்வளவு மெனக்கெட்டவர்கள் காரணமில்லாமல் மெனக்கெட்டிருக்க மாட்டார்கள்.

இது நமக்குப் புரியாத விஷயமா? 'சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு' என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். சுக்கின் தோலைச் சீவுங்கள், கடுக்காயின் கொட்டையை எடுங்கள் என்பதுதான் அதன் பொருள். சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் எந்தச் சித்த மருத்துவராவது கொடுப்பாரா? 'இயற்கையானது, அதனால் ஒன்றும் செய்யாது' என்பது சித்தர்களின் வாக்குமல்ல, சீன வைத்தியர்களின் வாக்குமல்ல. விளம்பரம் எழுதுகிறவர்களின் வாக்கு. பதிவு பெற்ற ஒரு சின்சேயிடம் (சீன வைத்தியரிடம்) நீங்கள் போயிருந்தால், தாய்ப்பால் கொடுக்கும் பெண்ணுக்குப் பச்சை வேரைக் கைப்பிடி கணக்கில் கொடுத்திருக்க மாட்டார். உங்களுக்கு வந்து சேர்ந்தது வேர் மட்டும். அதைப் பக்குவம் செய்யும் கையும் அளவு சொல்லும் வாயும் கூட வரவில்லை. கேப்சூல் குப்பியிலும் அதே குறைதான், உள்ளே இருப்பது பச்சையா பக்குவப்பட்டதா என்றுகூட அதில் இல்லை என்று உங்கள் கடிதத்தைப் படித்தால் தெரிகிறது.

அதற்காக, பக்குவப்படுத்தியதை வாங்கிச் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்குவம் ஆபத்தைக் குறைக்கிறது, போக்கிவிடவில்லை. ஒழுங்காகப் பக்குவப்படுத்திய வேரைச் சாப்பிட்டும் கல்லீரல் வீங்கியவர்கள் இருக்கிறார்கள். 2006-இல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த வேரைப் பற்றி மக்களை எச்சரித்தது. பிறகு வேறு நாடுகளும் எச்சரித்தன. நூறு பேர் சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை, எங்கோ ஒருவருக்கு மட்டும் கல்லீரல் கொதித்துப்போகிறது. ஏன் அந்த ஒருவருக்கு மட்டும் என்பதற்கு 2019-இல் சீன ஆய்வாளர்கள் ஒரு நல்ல துப்புக் கொடுத்தார்கள். எச்.எல்.ஏ-பி 35:01 என்ற மரபணு வகை உடம்பில் இருப்பவர்களுக்கு இந்த ஆபத்துப் பல மடங்கு அதிகம். அவர்களின் உடல், இந்த வேரை உள்ளே வாங்கிய கல்லீரலையே எதிரியாக நினைத்துத் தாக்கத் தொடங்குகிறது என்று கருதுகிறார்கள். இந்த மரபணு சீனர்களுக்கு மட்டும் உரியதல்ல. 'தோழியின் அம்மா இருபது வருடமாகச் சாப்பிடுகிறாரே, அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே' என்ற வாதம் இங்கே செல்லாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர் உடம்பு வேறு, உங்கள் உடம்பு வேறு.

இப்படி ஒருவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த மருத்துவமனையில், நாற்பதை ஒட்டிய வயதில் ஒரு தமிழ்ப் பெண் மஞ்சள் காமாலையோடு சேர்ந்தார். எந்தக் கிருமியும் அகப்படவில்லை, ஸ்கேனிலும் கல் இல்லை, அடைப்பு இல்லை. 'வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?' என்று கேட்டேன். 'இல்லை' என்றார். எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். நான்காம் நாள் அவருடைய கணவர் வீட்டிலிருந்து துணி கொண்டு வந்த பையில் ஒரு குப்பியும் இருந்தது. முடிக்கு நல்லது என்று வாங்கியதாம். அந்த அம்மா என்னிடம் பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அது மருந்தே இல்லை. அப்புறம் பொறுமையாகப் பேசியபோது இன்னொன்றும் தெரிந்தது. ஆறேழு மாதம் முன்பும் அதே வேரைச் சாப்பிட்டு அசதியும் குமட்டலும் வந்து, தானாகவே நிறுத்தி, தானாகவே சரியாகியிருக்கிறது. மறுபடி தொடங்கிய இரண்டாம் முறை பத்தே நாளில் கண் மஞ்சளாகிவிட்டது. நல்லவேளை, இரண்டு மூன்று மாதத்தில் கல்லீரல் பழைய நிலைக்கு வந்தது. அன்றிலிருந்து நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். 'மருந்து' என்ற சொல்லையே விட்டுவிட்டு, சூப்பு, கஷாயம், லேகியம், பொடி, முடிக்கு, எடைக்கு, தூக்கத்துக்கு, யார் கொடுத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். நான் அந்த நான்கு நாளை வீணாக்கியிருக்கக் கூடாது.

அந்த அம்மாவின் கதையிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த இரண்டாம் முறையைத்தான். உங்களுக்குப் பரிசோதனையில் கல்லீரல் எண்கள் ஏறியிருந்து, நிறுத்தியபின் இறங்கினால், வாழ்நாளில் இந்த வேரை எந்தப் பெயரிலும் மறுபடி தொடக் கூடாது. ஒருமுறை பழகிய எதிர்ப்பு, அடுத்த முறை வேகமாகவும் கடுமையாகவும் வரும். பெரும்பாலானவர்களுக்கு நிறுத்திய சில வாரங்களிலோ மாதங்களிலோ முழுக்கச் சரியாகிவிடுகிறது. மிகச் சிலருக்குத்தான் கல்லீரல் செயலிழந்து கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சை வரை போயிருக்கிறது, உடம்பு கெஞ்சிய பிறகும் தொடர்ந்து சாப்பிட்டால் அந்த ஆபத்துக் கூடும். நீங்கள் மூன்றாம் வாரத்திலேயே எழுதிக் கேட்டுவிட்டீர்கள்.

குழந்தையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதுக்குள் கேட்டிருப்பீர்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை, வேரை நிறுத்தினால் போதும். இந்த மூன்று வாரத்தில் குழந்தைக்கு வயிறு வழக்கத்தைவிட இளகிப் போயிருந்தால் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள், பச்சை வேரின் மலமிளக்கும் பொருள் கொஞ்சம் பாலில் போயிருக்கலாம்.

இப்போது முடிக்கு வருவோம், நீங்கள் கேட்டதே அதைத்தானே.

கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறியிருப்பதால், வழக்கமாகக் கொட்ட வேண்டிய முடியும் கொட்டாமல் தலையிலேயே நிற்கிறது. ஏழாவது, எட்டாவது மாதத்தில் சடை கனத்திருந்ததை நீங்கள் கவனித்திருப்பீர்கள். பிரசவம் ஆனதும் அந்த ஹார்மோன் சட்டென்று இறங்குகிறது. காத்திருந்த முடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய், இரண்டு முதல் நான்கு மாதம் கழித்து ஒன்றாகக் கொட்டுகின்றன. உங்களுக்கு மூன்றாம் மாதத்தில் தொடங்கியிருக்கிறது, கணக்குச் சரியாக இருக்கிறது. வேர்க்கால் சாகவில்லை, கீழே புது முடி முளைத்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலோருக்குக் குழந்தையின் முதல் பிறந்தநாளை ஒட்டி இது அடங்கிவிடும். அந்த நேரத்தில் எதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் அதற்குத்தான் பேர் கிடைக்கும். ஹெ ஷோ வூவுக்கு இப்படிக் கிடைத்த நற்சான்று எத்தனையோ.

நரை விஷயத்தில், ஆசியர்களுக்கு 25 வயதுக்கு முன் வந்தால்தான் இளநரை என்று மருத்துவத்தில் சொல்கிறோம். 33-இல் முன்நெற்றியில் சில வெள்ளை முடி தெரிவது நோயல்ல. கறுப்பு முடி கொட்டி இடம் விட்டதும் முன்பே இருந்த நரை கண்ணுக்குப் படுகிறது.

ஆனாலும் சும்மா இருங்கள் என்று நான் சொல்லவில்லை. நாளை இரத்தம் எடுக்கும்போதே இன்னும் மூன்றைச் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்: இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, பி12. பிரசவத்துக்குப் பின் ஓராண்டுக்குள் நூற்றில் ஐந்து பெண்களுக்காவது தைராய்டு சுரப்பி வீங்கிக் கோளாறு செய்கிறது. முடி கொட்டுவது, அசதி இரண்டும் அதனாலும் வரும். பி12 குறைந்தால் நரை முந்தும். நீங்கள் கோழி சாப்பிடுகிறவர் என்பதால் அது குறைந்திருக்க வாய்ப்புக் குறைவு, ஆனால் பார்த்துவிடுவது நல்லது. இவை மூன்றும் சரிசெய்யக் கூடியவை. இரும்பு மாத்திரையை மருத்துவர் மாற்றும்வரை தொடருங்கள், காப்பி டீயோடு சேர்த்துப் போடாதீர்கள். சாப்பாட்டில் முட்டை, மீன், பருப்பு, முருங்கைக் கீரை. பசி திரும்பியதும் வயிறாரச் சாப்பிடுங்கள், பால் கொடுக்கும் உடம்புக்கு இது டயட் காலமல்ல.

கரிசலாங்கண்ணி பற்றிக் கேட்டீர்கள். இரண்டும் வேறு வேறு குடும்பம். வெள்ளைப்பூக் கரிசாலை சூரியகாந்திக் குடும்பத்துச் செடி, ஹெ ஷோ வூ நாட்வீட் குடும்பத்துக் கொடி. வேடிக்கை என்னவென்றால், நம் கரிசலாங்கண்ணியும் சீன மருந்துக் கடையில் இருக்கிறது. 'மோ ஹான் லியான்' என்பார்கள், தண்டைக் கிள்ளினால் சாறு கறுப்பதால் பெயரிலேயே 'மை' இருக்கிறது. அவர்களும் அதை நரைக்குத்தான் சொல்கிறார்கள். கறுப்புச் சாறு கறுப்பு முடி தரும் என்று இரண்டு ஊராரும் தனித்தனியே நினைத்திருக்கிறார்கள். கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சிய எண்ணெயைத் தலைக்குத் தேய்க்க ஆசையாக இருந்தால் தேய்த்துக்கொள்ளுங்கள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் கல்லீரல் முடிவு வரும்வரை கரிசாலைப் பொடி, கீழாநெல்லிச் சாறு என்று எதையும் உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம். 'காமாலைக்குக் கீழாநெல்லி கைகண்டது' என்று தஞ்சாவூரிலிருந்து போன் வரும். அன்பாகக் கேட்டுக்கொள்ளுங்கள், சாப்பிடாதீர்கள். நடுவில் இன்னொரு மூலிகை புகுந்தால், எது என்ன செய்தது என்று மருத்துவருக்குப் பிரித்துப் பார்க்க முடியாமல் போகும்.

அம்மாவுக்குக் குப்பி அனுப்பவே கூடாது. கல்லீரலில் ஏற்கெனவே கொழுப்பு, கூடவே கொலஸ்ட்ரால் மாத்திரை. அந்த மாத்திரையே சிலருக்குக் கல்லீரல் எண்களை லேசாக ஏற்றும், அதனால்தான் மருத்துவர் அவ்வப்போது இரத்தம் பார்க்கிறார். அதன்மேல் இந்த வேரையும் சேர்த்தால், எண் ஏறும்போது யாரைக் குற்றம் சொல்வது? மருத்துவர் நல்ல மருந்தை நிறுத்திவிடுவார், வேர் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். 61 வயதில் முடி கறுக்க வேண்டும் என்ற அம்மாவின் ஆசையைச் சின்னதாக நினைக்காதீர்கள். ஒவ்வாமை வருகிறதா என்று காதுக்குப் பின்னால் தடவிச் சோதித்துவிட்டு நல்ல சாயம் பூசிக்கொள்ளச் சொல்லுங்கள், தோலுக்கு மேலே நிற்கும் சாயம் கல்லீரலை இப்படிச் சோதிக்காது.

கடைசியாக, உங்கள் தோழியின் அம்மா. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் தயங்குவீர்கள். பிள்ளை பெற்ற பெண்ணுக்குத் தன் வீட்டில் உயர்வாக வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்திருக்கிறார். குற்றம் சொல்வது போலப் பேச வேண்டாம். "ஆன்ட்டி, டாக்டர் என்னைச் சாப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டார், நீங்களும் இதே பையிலிருந்துதான் சாப்பிடுகிறீர்களா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால், அது பச்சை வேர் என்பதைச் சொல்லி, தெரிந்த சின்சே ஒருவரிடம் காட்டச் சொல்லுங்கள். தனக்குப் பழக்கமான வைத்தியர் சொன்னால் அவர் கேட்பார், அவருக்கும் ஒரு இரத்தப் பரிசோதனை நல்லதுதான். மறுபடியும் சூப் வைத்துக் கொண்டு வந்து நின்றால், இஞ்சியும் சிவப்பு இலந்தைப் பழமும் கோழியும் மட்டும் போட்டு வைக்கச் சொல்லி, அந்தக் கிண்ணத்தை மறுக்காமல் வாங்கிக் குடியுங்கள்.

பரிசோதனை முடிவு கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருந்தாளர் அக்கா